ஹவில்தார் கண்ணையனின் கால் கேஸ்

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை பத்தரை மணிக்கு ஒருவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பூட்ஸைக் கழற்றினார். சாக்ஸை உருவினார். வலது காலைத் தூக்கிப் பக்கத்து ஸ்டூலின் மேல் வைத்தார். அந்தக் காலில் இரண்டு விரல்கள்தான் இருந்தன.

சித்தூரில் மாஜி ராணுவத்தாருக்கான ஜில்லா ஆபீஸ் அது. ஊரில் சோல்ஜர்ஸ் ஆபீஸ் என்றால்தான் தெரியும். நான் டைப்பிஸ்ட். வயது இருபத்தொன்று. எங்கள் நைனா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நானும் அங்கேயே படித்து, டைப்பிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தேன். கால்களைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்துக்காதம்மா, அது ஒண்ணும் செய்யாது" என்றார் அவர். "அஞ்சு விரல்ல மூணை மலை மேலயே உட்டுட்டு வந்துட்டேன். பனி துன்னுட்டுது."

அவர்தான் ஹவில்தார் கண்ணையன். பங்காருபாளையத்துக்காரர். சீனச் சண்டையின்போது பனிமலையில் காவல் இருந்தவர். வலது காலில் கட்டை விரலும் அடுத்த இரண்டும் போயின. இடது காலில் கட்டை விரல் பாதி. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 'ஃப்ராஸ்ட் பைட்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஊருக்கு வந்து மாங்காய் மண்டியில் எடை போடும் வேலை பார்த்தார். ஆனால் ஆளைப் பார்த்தால் நேற்றுதான் பரேடிலிருந்து வந்தவர் மாதிரி இருப்பார். மீசை முறுக்கி, சட்டை மடிப்புக் கலையாமல், பூட்ஸில் முகம் பார்க்கலாம்.

ஊனத்துக்காகக் கொடுக்கும் பென்ஷனை அப்போதெல்லாம் ஒரே தடவையில் ஆயுசுக்கும் எழுதிவிட மாட்டார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை ராணுவ டாக்டர்கள் மறுபடி பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். இதற்கு ரீ-சர்வே என்று பெயர். இருபதுக்குக் கீழே போட்டால் பென்ஷன் நின்றுவிடும். கண்ணையனுக்கு ரீ-சர்வே வந்திருந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஆபீஸில் ஒரு ஃபாரம் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும்.

எங்கள் சூப்பிரண்டெண்ட் சேஷாசலம் சார் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா எஸ்தர், காலைப் பாத்துக்கினு உக்காந்துட்டியா? அது எங்கயும் போவாது. ஃபாரத்தைப் பாரு."

நான் மிஷினில் ஃபாரத்தைச் செருகினேன். பெயர், நம்பர், ரெஜிமெண்ட் எல்லாம் முடிந்து, 'தற்போது நடப்பதில் உள்ள சிரமம்' என்ற கட்டம் வந்தது.

"இப்போ நடக்க முடியுதா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் முடியாது? பஸ் ஸ்டாண்டுல இருந்து இங்க வரைக்கும் நடந்துதானே வந்தேன்? உங்க ஆபீஸ் பியூனைக் கூட்டிக்கினு வா, யாரு முன்னால போறாங்கன்னு பாக்கலாம்."

நான் நல்ல பெண். கேட்டதை அப்படியே அடிக்கிறவள். 'சிரமமின்றி நடக்கிறார்' என்று இங்கிலீஷில் சுத்தமாக அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. சேஷாசலம் சார் மற்ற ஒன்பது ஃபாரங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். முதல் நாளே பத்து ஃபாரம் அடித்தேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

2. ஷாபாஷ்

ரீ-சர்வே ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்தது. போய்விட்டு வந்த கண்ணையன் நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"போர்டுல மூணு ஆபீசருங்கம்மா. கதவைத் தொறந்தேன். அட்டென்ஷன்! டக்குனு ஒரு சல்யூட். அப்பால அவங்க 'நடந்து காட்டு'ன்னாங்க. நான் விட்டனா? லெப்ட் ரைட்டு, லெப்ட் ரைட்டு, இந்த செவுத்துல இருந்து அந்த செவுரு வரைக்கும் மார்ச். அபவுட் டர்ன் போட்டேன் பாரு, பெரிய டாக்டரே ஷாபாஷ்னு சொல்லிட்டாரு."

சேஷாசலம் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரேய் கண்ணையா, அங்க போனது எதுக்கு? ப்ரமோஷனுக்கா?"

"ஆபீசர் முன்னால நொண்டிக்கினு போவச் சொல்றீங்களா சார்?"

சார் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவரும் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. நான்தான் பிரித்தேன். நடை இயல்பாக இருக்கிறது, ஊனம் இருபது சதவீதத்துக்குக் கீழ், இன்ன தேதியோடு பென்ஷன் நிறுத்தப்படுகிறது. அதற்குக் கீழே ஒரு வரி: 'அவருடைய ஜில்லா ஆபீஸ் அனுப்பிய படிவத்திலும் அவர் சிரமமின்றி நடப்பதாகவே கூறப்பட்டுள்ளது.'

நான் அடித்த வரி. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாத வரி. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். சார் வந்து வாங்கிப் படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கையெழுத்து என்னுது" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணையனிடம் சொன்னேன். அவர் பூட்ஸை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "மண்டியில மூட்டை இறக்கற வேலை கேட்டுக்கினு இருந்தேன், தர்றேன்னாங்க" என்றார். "எடை போடறது சீசனுக்குத்தானே. மூட்டைன்னா வருஷம் பூராவும் கிடைக்கும்."

மூன்று விரல் போன காலோடு மூட்டை சுமக்கப் போகிறார். அதற்கு வழி செய்தவள் நான். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

3. மங்கம்மா வந்தாள்

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். நேராக என் மேஜைக்கு வந்து, "நீதான் எழுதற பொண்ணா?" என்றாள். கண்ணையனின் மனைவி மங்கம்மா.

திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். "உக்காரு" என்று எனக்கே நாற்காலி காட்டினாள். "நான் வந்தது அவருக்குத் தெரியாது. ஆம்பளைங்க இல்லாத இடமா வா, பேசணும்."

ஆபீஸ் பின்புறம் புங்கமரத்தடியில் நின்றோம்.

"கால் எப்டி கீதுன்னு அவரைக் கேட்டா சொல்லுவாரா? பட்டாளத்துக்காரரு. செத்தாலும் நல்லா கீதுன்னுதான் சொல்லுவாரு. என்னைக் கேளு. சந்தை நாள்ல மண்டியில நிப்பாரு. பொழுது பூரா நிப்பாரு. மறாநாள் அந்த ஆளு எழுந்திருக்க மாட்டாரு. தோலு வெடிச்சி, நீர் கோத்துக்கினு, பாதம் பூசணிக்கா மாதிரி ஆயிடும். வீட்டுக்குள்ள உக்காந்தபடியே நவுந்துக்கினு போவாரு. கொல்லைக்கும் அப்டிதான். யாராவது வந்துட்டா டக்குனு பேப்பரை எடுத்துக்குவாரு. தெருவுல எல்லாம் என்னைக் கேக்கறாங்க, உம் புருஷன் என்னா, வாரத்துல மூணு நாளு பேப்பர் படிக்கிறாரு, கலெக்டருக்குப் படிக்கிறாரான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை எழுதி அனுப்பலாமா?" என்றேன்.

"அதுக்குத்தானே பஸ்ஸு ஏறி வந்தேன்?"

மிஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். எத்தனை மணி நேரம் நின்றால் வீக்கம் வருகிறது, எத்தனை நாள் இருக்கிறது, புண் ஆற எத்தனை நாள், எந்தச் செருப்பு போட முடிகிறது, எது முடியவில்லை. நான் கேட்காததையும் அவளே சொன்னாள். படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குவார்; கட்டை விரல் இல்லாததால் உந்தி நடக்க முடியாது, குதிகாலில்தான் நடப்பார்; அதனால் இடுப்பு வலி. எல்லாம் இரண்டரைப் பக்கம் வந்தது. கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.

சேஷாசலம் சார் படித்துவிட்டு, "பெண்டாட்டி ஸ்டேட்மெண்டை மெடிக்கல் போர்டுக்கு யாரும் இதுவரைக்கும் அனுப்பினது இல்லையே" என்றார்.

"அனுப்பக் கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?"

பீரோவைத் திறந்து ரூல் புத்தகத்தைப் புரட்டினார். அரை மணி நேரம் புரட்டினார். "இல்ல" என்றார். அப்பீலோடு சேர்த்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம். நான் அடித்த வரி தவறு என்றும், அது ஆபீஸ் கவனக்குறைவு என்றும் ஒரு தனிக் கடிதம் வைத்தோம். அதில் சார் முதலிலும் நான் கீழேயும் கையெழுத்துப் போட்டோம். டைப்பிஸ்ட் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. நான் கேட்டேன், சார் சரி என்றார்.

பதில் வர ஏழெட்டு மாதம் ஆனது. அந்த வருஷம் திருப்பதியில் மாஜி ராணுவத்தார் ராலி நடக்க இருந்தது. ராலியோடு சேர்த்து மெடிக்கல் போர்டும் வருகிறது, கண்ணையனை அங்கே கொண்டுவந்து நிறுத்தவும் என்று எழுதியிருந்தார்கள்.

4. மொட்டை

திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ராலி. வகுப்பறை ஒன்றில் மெடிக்கல் போர்டு. சேஷாசலம் சாரும் நானும் முந்தின நாளே போய்விட்டோம். எனக்குத் துணையாக நைனாவும் வந்து, ராலி முடியும்வரை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினார்.

கண்ணையனுக்கு முன்னாலேயே தபால் போட்டிருந்தேன். பூட்ஸ் வேண்டாம், வீட்டில் போடும் செருப்போடு வாருங்கள். மார்ச் வேண்டாம், சல்யூட் வேண்டாம். நடிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வீட்டில் எப்படி நடப்பீர்களோ அப்படி நடந்தால் போதும். 'மார்ச் வேண்டாம்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு மைதானத்து கேட்டில் அவர் வந்தார். நான் பார்த்த முதல் விஷயம் பூட்ஸ். பளபளவென்று, இறுக லேஸ் கட்டி. இரண்டாவது விஷயம் தலை. சுத்தமான மொட்டை. மொட்டையில் சந்தனம்.

பின்னால் மங்கம்மா வந்தாள், குற்றவாளியின் முகத்தோடு.

"மேல போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனோம்."

"பஸ்லதானே?"

கண்ணையன் மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மங்கம்மாதான் வாயைத் திறந்தாள். "சண்டையில இருந்து உசுரோட வந்தா மொட்டை போட்டு, படியேத்திக் கூட்டிக்கினு வர்றேன்னு வேண்டிக்கினு இருந்தேன். அப்பால செய்யலாம்னுதான் நான் சொன்னேன். இவரு கேட்டாதானே? திருப்பதி வரைக்கும் வந்துட்டு சாமியை ஏமாத்திட்டுப் போறதான்னு நேத்து விடியக்காலையிலயே அலிபிரி அடிவாரத்துல கொண்டாந்து நிறுத்திட்டாரு."

மூவாயிரத்து ஐந்நூறு படி. கால் ஊனம் என்று போர்டு முன்னால் நிற்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள்.

சேஷாசலம் சார் மைதானத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிடுவார் போல இருந்தது. "கண்ணையா, நீ ஏழு மலை ஏறினவன்னு தெரிஞ்சா, அந்த ஃபைலைக் கட்டித் தூக்கிப் போட்டுருவாங்கய்யா."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "தலையைப் பார்த்துட்டு எப்படிப் போனேன்னு கேப்பாங்க. பஸ்ல போனேன்னு சொல்லுங்க" என்றேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சண்டே ஸ்கூல் எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

கண்ணையன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆபீசர் கேட்டா எப்டிம்மா பொய் சொல்றது?"

"ஆபீசர் கேக்காட்டியும் சொல்லுவாரு" என்றாள் மங்கம்மா.

5. ஆர்டர்

மனைவியின் ஸ்டேட்மெண்ட் ஃபைலில் இருந்ததால் அவளையும் உள்ளே கூப்பிட்டார்கள். போர்டுக்குத் தலைவரான மேஜர் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, தெலுங்கும் தெரியாது. அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சார் கதவோரம் நின்றார்.

கண்ணையன் உள்ளே வந்தார். எவ்வளவு சொல்லியும் பயனில்லை. மேஜரின் தோள்பட்டையைப் பார்த்ததும் அவர் உடம்பு தானாகவே நிமிர்ந்தது. லெப்ட், ரைட், லெப்ட், ரைட். மேஜைக்கு முன்னால் வந்து, வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி வைத்தார். டம் என்று சத்தம். சல்யூட்.

முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. ஆனால் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கிளம்பி, சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

மேஜர் அந்தத் தலையையே பார்த்தார். "திருமலை போய் வந்தாயா?" என்று இந்தியில் கேட்டார்.

"யெஸ் சார்!"

"எதில் போனாய்?"

"நடந்து சார்!"

"எல்லாப் படியுமா?"

"எல்லாப் படியும் சார்!"

கதவோரத்தில் சேஷாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இளைய டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நான் மங்கம்மாவைப் பார்க்கவில்லை.

மேஜர் மட்டும் ஃபைலை மூடவில்லை. மங்கம்மாவின் இரண்டரைப் பக்கத்தைத் திறந்து ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "பூட்ஸைக் கழற்று" என்றார்.

பூட்ஸ் கழலவில்லை. கண்ணையன் இழுத்தார், பியூன் இழுத்தார், வரவில்லை. கடைசியில் நர்ஸிங் அசிஸ்டெண்ட் கத்தரிக்கோல் கொண்டுவந்து லேஸை வெட்டி, பூட்ஸின் நாக்கை வெட்டி, மெதுவாக எடுத்தார். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. அதைத் தண்ணீர் விட்டு நனைத்து உரித்தார்கள். நான் முதல் நாள் பார்த்த கால் இல்லை அது. இரண்டு மடங்கு வீங்கி, பழைய தழும்பெல்லாம் வாய் திறந்திருந்தது.

இளைய டாக்டர் பேனாவை மறுபடி திறந்தார்.

"எத்தனை மணி நேரம் ஏறினார் என்று கேளுங்கள்" என்றார் மேஜர் என்னிடம். நான் கேட்டேன்.

"விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சி, சாயங்காலம் ஆறு மணி ஆச்சு" என்றாள் மங்கம்மா.

"மற்றவர்களுக்கு?"

"எங்ககூட ஆரம்பிச்சவங்க பத்து மணிக்கெல்லாம் மேல போயி, தரிசனம் முடிச்சி, லட்டு துன்னுக்கினு திரும்பி எறங்கி வந்தாங்க. நாங்க அப்பவும் பாதியிலதான் கீறோம்."

"எப்படி ஏறினார்?"

"இதெல்லாம் எதுக்கு?" என்று கண்ணையன் குறுக்கே பேசினார்.

"ஆபீசரு கேட்டா சொல்லணும்" என்றாள் மங்கம்மா. "மொத ஆயிரம் படி நின்னுக்கினு ஏறினாரு. அப்பால என் தோளைப் புடிச்சிக்கினு. கடைசியா அதுவும் முடியல. கீழ்ப்பக்கம் பாத்துக்கினு உக்காந்துட்டாரு. ஒவ்வொரு படியா, கையை ஊனி, உக்காந்த வாக்குலயே பின்னால ஏறினாரு. அது ஏதோ பெரிய வேண்டுதல்னு நெனச்சிக்கினு வர்ற போற ஜனங்க எல்லாம் கும்பிடறாங்க சார். ஒரு அம்மா கைக்குழந்தையைக் கொண்டாந்து இவரு மடியில வெச்சி ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு கேட்டுது."

இதை இங்கிலீஷில் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது, சிரிப்பாலா அழுகையாலா என்று தெரியவில்லை. மேஜர் குழந்தை வரைக்கும் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"பண்ணினாரா?"

"பண்ணேன் சார்" என்றார் கண்ணையன், தலையைக் குனிந்துகொண்டு.

பிறகு மேஜர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றார். குரல் மாறிவிட்டது. பரேடு மைதானத்துக் குரல். "ஹவில்தார் கண்ணையன்!"

"சார்!"

"உன் வீட்டில், சந்தைக்கு மறுநாள் காலையில், கொல்லைக்கு எப்படிப் போவாய்? அதே மாதிரி அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வா. இது ஆர்டர்."

கண்ணையன் மேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மங்கம்மாவைப் பார்த்தார். தப்பிக்க வழியே இல்லை. ஆர்டர் என்றால் ஆர்டர்.

தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றினார். கால்கள் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு, கதவு வரைக்கும் நகர்ந்து போனார். சேஷாசலம் சார் வழிவிட்டு ஒதுங்கினார். கண்ணையன் திரும்பி அதேபோல வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். உட்கார்ந்தபடியேதான், ஆனால் முதுகு நேராக இருந்தது.

"ஆர்டர் முடிஞ்சிது சார்" என்றார்.

மேஜர் குனிந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஆபீசர் முன்னால் கண்ணையன் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாம். பிற்பாடு மங்கம்மா சொன்னாள்.

6. அதற்கப்புறம்

அன்றே அவரை ராலி ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இருபது நாள் கழித்துக் கட்டோடு ஊருக்குப் போனார். பென்ஷன் மறுபடி வந்தது. சதவீதம் முன்னால் இருந்ததைவிட அதிகம். ஆயுசு முழுவதும், இனி ரீ-சர்வே வேண்டாம் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். சேஷாசலம் சார் பியூனை அனுப்பி எல்லோருக்கும் மசால் வடை வாங்கி வரச் சொன்னார்.

கண்ணையன் அதற்கப்புறம் மூட்டை தூக்கப் போகவில்லை. மண்டியில் உட்கார்ந்து சீட்டு எழுதும் வேலை கொடுத்தார்கள்.

பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஆபீஸில் இருந்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து, சேஷாசலம் சார் உட்கார்ந்த நாற்காலி வரை வந்தேன். கால் கேஸ்கள் எத்தனையோ பார்த்தேன். பனியில் வெந்த கால், பூட்ஸில் நசுங்கிய கால், பாதத்து வளைவு தேய்ந்து தட்டையான கால். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நடக்க முடியுமா என்று ஒரு சிப்பாயிடம் கேட்கக் கூடாது. முடியும் என்றுதான் சொல்வார். அது பொய்யும் இல்லை. நடந்தால் மறுநாள் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும். ஃபாரத்தில் எழுத வேண்டியது அதுதான். அதைச் சொல்ல வீட்டு ஆளும் கூட வந்தால் இன்னும் நல்லது.

எண்பதுகளில் ஒருநாள் காலை பத்தரைக்குப் பலமனேரிலிருந்து ஒரு சுபேதார் வந்தார். நெஞ்சு நிமிர்ந்து, கையில் ஃபைல், மூக்குக்குக் கீழே பெரிய மீசை. மனைவி நாலடி பின்னால் நின்றார். "கால்ல ஒண்ணும் பெருசா இல்லம்மா, பையன் சொன்னானேன்னு வந்தேன். ரெண்டு நிமிஷத்துல போயிடறேன்" என்றார்.

"சரிங்க" என்றேன். "கடைசியா எந்த ஊர் கல்யாணத்துக்குப் போனீங்க?"

"குப்பம்."

"கல்யாணத்துக்கு மறுநாள் என்ன செஞ்சீங்க?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஏற்கனவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்கள் கிளம்பும்போது மணி ஒன்றரை.